பத்துக்கு மேலே இருந்தால்

கோவில்பட்டி,
ஐப்பசி, மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுகுணாவுக்கு அப்பா மணிராஜ் எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். எல்லோரும் வழக்கத்துக்காக எழுதுகிற வார்த்தை இது, நான் இரண்டு லேப் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால் நம்பலாம். புனேயில் நீ நலமா என்று ஒரு வரியில் கேட்டு விட்டுவிட முடியவில்லை, கடிதம் முழுக்க அதைத்தான் கேட்கப் போகிறேன், பொறுமையாகப் படி.

ஏன் போனில் சொல்லாமல் பேப்பரில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். குடும்ப குரூப்பில் இருந்து நீ வெளியேறி ஆறேழு மாதத்துக்கு மேல் ஆகிறது, என் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது, அம்மாவிடம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறாய். அப்பா கிட்ட ஒண்ணு சொன்னா ஊருக்கே தெரிஞ்சுருமே என்று நீ சொன்னதாக அம்மா சொன்னாள். மறுக்கவில்லை. ஆனால் தபாலை யாரும் ஃபார்வர்டு பண்ண முடியாது, ஸ்டேட்டஸில் வைத்தாலும் என் கையெழுத்து ஒருத்தருக்கும் புரியாது, அந்தத் தைரியத்தில் படி தாயி. விஷயம் இதுதான். போன மாதம் உனக்கு ஹெபடைடிஸ் பி மூன்றாவது ஊசி முடிந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். ஊசி பிடித்ததா இல்லையா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, கடைசி ஊசி போட்டு ஒரு மாதத்தில் இருந்து இரண்டு மாதத்துக்குள் எடுத்தால்தான் கணக்கு தெளிவாக இருக்கும். அதை எடுக்க மாட்டேன், பார்த்து என்ன ஆகப் போகுது என்று நீ சொல்கிறாயாம். உனக்கு ஊசி மேல் பயம் இல்லை, ரிசல்ட் மேலும் பயம் இல்லை, ரிசல்ட் என் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்றுதான் பயம். அது நியாயமான பயம். அதனால் நடந்ததை முழுசாகச் சொல்கிறேன், நீ பாதிதான் கேட்டிருக்கிறாய், அந்தப் பாதியும் ஒரு மீம் பேஜில் பார்த்தது.

போன வருஷம் நம்ம தலைவர் பிறந்தநாளுக்கு மன்றத்தில் ரத்ததான முகாம் வைத்தோம், வழக்கம்போல முதல் ஆளாக நான் படுத்தேன், அடுத்த வாரம் ரத்த வங்கியில் இருந்து போன் வந்து எனக்கு ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது என்று சொன்னார்கள், இதெல்லாம் உனக்குத் தெரியும். கண் மஞ்சளாகவில்லை, சோர்வு இல்லை, ஈரல் பரிசோதனையும் நன்றாகத்தான் இருந்தது. கிருமி சத்தம் போடாமல் குடியிருக்கு, இப்போ மாத்திரை வேண்டாம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க, இனி ரத்தம் மட்டும் குடுக்காதீங்க என்று டாக்டரம்மா சொன்னார். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் பார்க்கச் சொன்னார். அம்மாவுக்கும் உனக்கும் பார்த்ததில் கிருமியும் இல்லை, வந்து போன தடமும் இல்லை. அப்போ ஊசி போட்டுருங்க என்றார், நீ அங்கே ஆரம்பித்தாய், அம்மா இங்கே ஆரம்பித்தாள். உனக்கு நடுவில் ஷிப்ட் மாறி ஊசி தள்ளித் தள்ளிப் போய் இப்போதுதான் முடிந்திருக்கிறது. தள்ளிப் போனால் பரவாயில்லை, முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை என்று டாக்டரம்மா சொன்னார், உனக்காகக் கேட்டுவைத்தேன்.

அந்தச் சமயத்தில் எட்டயபுரத்தில் இருந்து உன் நவநீதகிருஷ்ணன் மாமா வந்தார். கையில் புது எவர்சில்வர் தட்டு, டம்ளர், சொம்பு, மூன்றிலும் என் பெயரை வெட்டிக் கொண்டுவந்திருந்தார். தங்கச்சி வீட்டுக்குச் சீர் கொண்டுவருகிற மாதிரியே மஞ்சள் பையில் வைத்து நீட்டினார். மாப்ள தப்பா நினைக்காதிய, இனிமே நீங்க இதுல சாப்பிட்டுக்கிட்டா எல்லாருக்கும் நல்லது என்றார். இது தட்டில் பரவுகிறது இல்லை, சோற்றில் இல்லை, தும்மலில் இல்லை, ரத்தம் வழியாகத்தான், ஷேவிங் பிளேடும் பல் பிரஷும் நகவெட்டியும் தனியாக இருந்தால் போதும் என்று நான் வீடியோவோடு விளக்கினேன். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டதால் அவருக்குப் புரியவில்லை. அம்மா அந்தத் தட்டை வாங்கி அதில் வற்றல் மிளகாயைக் கொட்டி வெயிலில் வைத்தாள். மாமா காபி குடிக்கிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி ஃபிளெக்ஸ் விஷயம். அம்மாவுக்கு மூன்று ஊசியும் முடிந்து, ஒரு மாதம் கழித்து ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட் என் போனுக்கு வந்தது. நம்ம ஃபிளெக்ஸ் கடையில் ஒரு காதுகுத்து போர்டு டிசைன் ஓடிக்கொண்டிருந்தது. திறந்தால் நெகட்டிவ் என்று போட்டிருந்தது. இந்த நோயைப் பற்றி எத்தனை வீடியோ பார்த்திருப்பேன், எத்தனை பேர் கமெண்டுக்குப் பதில் போட்டிருப்பேன், நெகட்டிவ் என்றால் கிருமி இல்லை, அவ்வளவுதானே. என்னால் அவளுக்கு ஒன்றும் வரவில்லை என்ற ஒரே நினைப்பு. உச்சிமாகாளிக்குப் போன் பண்ணினேன், மன்றத்தில் செயலாளராக இருக்கிறானே, அவன்தான், பத்து நிமிஷத்தில் பையன்களோடு வந்துவிட்டான். அண்ணாச்சி, நீங்க ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுத்தீங்க, அக்காவுக்கு ஒண்ணு அடிக்க வேண்டாமா என்றான். என்னிடம் மெஷினும் இருந்தது, ரோலும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. பத்தடிக்கு எட்டடி. நடுவில் அம்மா படம், எட்டயபுரம் கல்யாணத்தில் பந்தியில் எடுத்தது. மேலே, நெகட்டிவ் ரிசல்ட் கண்ட வீரமங்கையே. கீழே, வாழ்த்த வயதில்லை வணங்குகிறோம். அதற்கும் கீழே மன்றத்துப் பையன்கள் பத்தொன்பது பேர், ஆளுக்கு ஒரு போனைக் காதில் வைத்துக்கொண்டு. தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் பக்கம் கட்டினோம். அம்மா வந்து பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். என் கையில தட்டு இருந்துச்சே, எங்க என்று மட்டும் கேட்டாள். டிசைனில் எடுத்துவிட்டேன் என்றேன். சாப்பிட்டுக்கிட்டிருந்தவ கையில இருந்து தட்டைப் பிடுங்கிட்டீங்க என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

நான் அதை குரூப்பில் போட்டேன், ஸ்டேட்டஸில் போட்டேன், ஒரு மீம் பேஜ் எடுத்துக்கொண்டது, நாற்பதாயிரம் லைக். நான் பார்த்த வரைக்கும் நம் தெருவுக்கு அவ்வளவு லைக் வந்ததில்லை. உன் ஆபீஸில் யாரோ உன்னிடமே காட்டிச் சிரித்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. இங்கே நடந்ததைக் கேள். மறுநாள் அரை கிலோ கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். அவர் ஒரு மிட்டாயைக் கையில் எடுத்துக்கொண்டே ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு மிட்டாயைத் திரும்ப டப்பாவில் வைத்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இந்த டெஸ்ட்ல நெகட்டிவ் வரக் கூடாதுங்க, இது கிருமி இருக்கான்னு பார்க்கிற டெஸ்ட் இல்ல, ஊசியால எதிர்ப்பு வந்திருக்கான்னு பார்க்கிறது, பத்துக்கு மேல வரணும், இவங்களுக்கு மூணு வந்திருக்கு என்றார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. மிட்டாய் டப்பாவை மூடினாள்.

உனக்குப் புரிகிற மாதிரி ஒரு கதையாகவே சொல்கிறேன். கிருமியை ஒரு ரவுடி என்று வைத்துக்கொள். முதல் டெஸ்ட் ஹெச்.பி.எஸ். ஏ.ஜி., அது ரவுடி போட்டிருக்கிற சட்டை ஊருக்குள் தென்படுகிறதா என்று பார்ப்பது. தென்பட்டால் ஆள் இருக்கிறான், எனக்கு இருக்கிற மாதிரி. இதில் நெகட்டிவ்தான் நல்லது. இரண்டாவது டெஸ்ட் ஆன்டி ஹெச்.பி.சி., ரவுடி உண்மையிலேயே எப்போதாவது வந்திருந்தால் மட்டும் நம் உடம்பில் விழுகிற தடம். ஊசி போட்டதால் அது வராது, ஏனென்றால் ஊசியில் ரவுடி இல்லை, அவன் சட்டை மட்டும்தான் இருக்கிறது. அந்தச் சட்டையைக் காட்டி நம் காவல்காரர்களை, இந்தச் சட்டையில் எவன் வந்தாலும் விடாதே என்று பழக்குவதுதான் ஊசி. மூன்றாவது டெஸ்ட் ஆன்டி ஹெச்.பி.எஸ்., காவல்காரர்கள் நிற்கிறார்களா என்று எண்ணுவது. இதில் பாசிட்டிவ் வர வேண்டும், பத்தோ பத்துக்கு மேலோ வர வேண்டும். முதல் இரண்டும் நெகட்டிவ், மூன்றாவது மட்டும் பாசிட்டிவ் என்றால் ஊசி வேலை செய்துவிட்டது என்று அர்த்தம். பெயர் எல்லாம் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், முன்னால் ஆன்டி என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள், அதைப் பார்க்காமல்தான் நான் எண்பது சதுர அடி அடித்தேன். ஊசி போட்ட சூட்டோடு முதல் டெஸ்டையும் எடுக்கக் கூடாது, ஊசியில் இருக்கிற சட்டையே இரண்டு மூன்று வாரம் ரத்தத்தில் தென்பட்டு ஆளைப் பயமுறுத்திவிடும், இதையும் கேட்டுவைத்தேன்.

ஃபிளெக்ஸை அவிழ்க்கப் போனபோது உச்சிமாகாளி, ஏன் அண்ணாச்சி, ரிசல்ட் மாறிட்டா என்று கேட்டான். ரிசல்ட் மாறலடே, நான் வாசிச்சதுதான் தப்பு என்றேன். அப்போ அக்காவுக்குக் கிருமி வந்துட்டா என்றான். வரல, வந்தா தடுக்க ஆள் இல்ல என்றேன். இதை எப்படி அண்ணாச்சி போர்டுல போடுறது என்றான். போட வேண்டாம்டே என்றேன். அவனுக்கு அது புதுசாக இருந்தது.

அன்று நான் ஒரு முடிவு எடுத்தேன், அதை அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். பாயைச் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். அவளுக்குக் காவல் இல்லை, எனக்குள் ஆள் இருக்கிறான், நான் ஏன் அந்த வீட்டில் படுக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. டாக்டரம்மா அப்படி எல்லாம் சொல்லவில்லை. நானாக வீடியோ பார்த்து, கமெண்டு படித்து, நானாகப் பயந்தது. ஃபிளெக்ஸ் ரோலுக்கு நடுவில் படுத்தேன், அந்த மை வாசனையில் தூக்கம் எங்கே வரும். அம்மா மூன்று வேளையும் சோறு கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். நவநீதகிருஷ்ணன் மாமாவுக்கு யார் சொன்னார்களோ, கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஏம்மா பேபி, ஊசியே பிடிக்கலங்காவ, மாப்ளையும் கடையில கிடக்காவ, நீ இங்கன தனியா இருந்து என்ன பண்ணப் போற, ஊருக்கு வா, மக்காச்சோளத்துக்குக் காவல் போக ஆள் இல்லாம பன்னி உழுதுட்டுப் போகுது என்றார். அம்மா சொன்னாள், ஊசி பிடிக்கலன்னா இன்னொரு ஊசி போடுவாவ, புருஷன் பிடிக்கலன்னாத்தான் கார்ல ஏறணும், நீ போய் பன்னியைப் பாரு. இதை நான் வாசலில் நின்று கேட்டேன். மாமா என்னைப் பார்த்து, மாப்ள, தங்கச்சிக்கு என்னமும் ஆச்சுன்னா என்று ஆரம்பித்து, முடிக்காமல் காரில் ஏறிவிட்டார். அதை எப்படி முடிக்க என்று எனக்கும் தெரியவில்லை.

டாக்டரம்மா இன்னொரு தடவை கிருமி டெஸ்டும் தடம் பார்க்கிற டெஸ்டும் எடுத்துப் பார்த்தார், இரண்டும் நெகட்டிவ், இது கொண்டாடுகிற நெகட்டிவ், ஆனால் நான் கொண்டாடவில்லை. சிலருக்கு முதல் சுற்றில் பிடிக்காது, இன்னொரு சுற்று மூணு ஊசி போடுவோம், நிறையப் பேருக்கு அதுல பிடிச்சுரும், எல்லாருக்கும்னு சொல்ல முடியாது என்றார். அம்மா ஊசிக்குப் போக மாட்டேன் என்றுவிட்டாள். நீங்க வீட்டுக்கு வந்தாத்தான் நான் ஊசிக்கு வருவேன் என்றாள். உனக்குப் பத்து வந்தாத்தான் நான் வீட்டுக்கு வருவேன் என்றேன் நான். ஊசி போடாம பத்து எங்கிருந்து வரும், மரத்துல காய்க்குமா என்றாள். கடைக்கு வந்த கல்யாண பார்ட்டி இரண்டு பேர் சேரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களில் ஒருத்தர், அக்கா சொல்லுறது சரிதானே அண்ணாச்சி என்றார். நான் அவர்கள் போர்டு அளவைக் கேட்டேன். இப்படியே கொஞ்ச நாள் போனது தாயி. எனக்கு அந்த நாட்களில் என்ன பயம் என்றால், நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று கடையில் கிடக்க, அதனாலேயே அவள் காவல் இல்லாமல் இருக்கிறாள். இது புரிய எனக்கு எந்த வீடியோவும் உதவவில்லை. ஒரு நாள் காலையில் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா சேலை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி அட்டையோடு தயாராக நின்றாள். நான் வருவேன் என்று யார் சொன்னது என்று கேட்டேன். காலையில ஊசி போடுற நேரம்லா, நீங்க வந்தா போலாம்னு நின்னேன், நேத்தும் நின்னேன் என்றாள்.

அப்புறம் வீட்டில்தான் இருக்கிறேன். என் ரேசர், பிரஷ், நகவெட்டி தனி டப்பாவில். கை வெட்டுப்பட்டால் உடனே கட்டுப் போட்டுவிடுவேன், ரத்தம் சிந்தின இடத்தை பிளீச்சிங் தண்ணியில் நானே துடைத்துவிடுவேன். டாக்டரம்மா எங்கள் இரண்டு பேருக்கும் தனியாகச் சொன்னதையும் கடைப்பிடிக்கிறோம், அது உனக்குத் தேவையில்லை. இரண்டாவது சுற்று போன மாசத்துக்கு முந்தின மாசம் முடிந்தது, போன வாரம் ரத்தம் கொடுத்தாள். இந்தத் தடவை லேபில் அம்மா தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டாள், என் நம்பரை எடுத்துவிடச் சொன்னாளாம். வியாழக்கிழமை நான் ஒரு கண்ணீர் அஞ்சலி போர்டை முடித்துக் கொடுத்துவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தால், அம்மா சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வந்துட்டு என்றாள். எது என்றேன். இருநூத்திப் பதினாலு என்றாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உளுந்து மேல உட்காராதிய, தள்ளி உட்காருங்க என்றாள். தள்ளி உட்கார்ந்தேன். பத்துக்கு மேலதானே இது என்று அவளே கேட்டாள். ஆமா என்றேன். அப்போ எங்க அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க, ஒழுங்காச் சொல்லுங்க என்றாள். நான் ஒழுங்காகத்தான் சொன்னேன், மச்சான், பேபிக்குப் பாசிட்டிவ் வந்துட்டு என்றேன். மேற்கொண்டு விளக்குவதற்குள் போன் கட்டாகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் மாமா காரில் வந்து இறங்கினார், அத்தையும் அவர்கள் பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினார்கள். அழ வேண்டாம், இது நல்ல பாசிட்டிவ் என்று புரியவைப்பதற்குள் இருட்டிவிட்டது. ஆறுமுகத்தாய் அக்கா, நல்லதுன்னா நல்லதுன்னு எழுத வேண்டியதுதானே, அதுக்கு எதுக்கு இவ்வளவு இங்கிலீசு என்று லேபைத் திட்டினார். மாமா சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து, மாப்ள, எனக்கும் இந்த ஊசி போடலாமா என்று ரகசியமாகக் கேட்டார். திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.

அவர்கள் போன பிறகு அம்மா கேட்டாள், புனேக்காரிக்கு எவ்வளவு என்று. எனக்குத் தெரியாது என்றேன். கேட்க வேண்டியதுதானே என்றாள். எங்கிட்ட சொல்ல மாட்டா என்றேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

டெஸ்ட் எடுத்துவிடு தாயி. ஆன்டி ஹெச்.பி.எஸ்., அளவோடு வேண்டும் என்று கேள், வெறும் பாசிட்டிவ் நெகட்டிவ் மட்டும் போட்டுத் தந்தால் வாங்காதே. என் கூடவே வளர்ந்த பிள்ளை நீ, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இந்த வீட்டுக்குத்தான் வரப்போகிறாய், உனக்குக் காவல் நிற்கிறதா என்று தெரியாமல் என்னால் நிம்மதியாக உன் பக்கத்தில் உட்கார முடியாது. எண் எதுவாக இருந்தாலும் நான் போர்டு அடிக்க மாட்டேன், குரூப்பில் போட மாட்டேன், உச்சிமாகாளிக்குச் சொல்ல மாட்டேன், அவன் கேட்டான், சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, சப்பாத்தியே தின்றுகொண்டிருக்காதே, இங்கிருந்து கருப்பட்டியும் சேவும் பார்சலில் வருகிறது. செண்பகவல்லித் தாய் உனக்குத் துணை இருக்கட்டும், நோய் நொடி அண்டாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

மறந்துவிடாதே. எண் பத்துக்கு மேலே இருந்தால் எனக்குச் சொல், சந்தோஷப்படுகிறேன், இப்போது சத்தம் இல்லாமல் சந்தோஷப்படக் கற்றுக்கொண்டேன். பத்துக்குக் கீழே இருந்தால் என்னிடம் சொல்லாதே, அம்மாவிடம் சொல். அவள் அந்த எண்ணோடு தனியாக இருந்து பார்த்தவள், உன்னைத் தனியாக விடமாட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
மணிராஜ்